அக்குள் சூட்டில் ஐந்து மில்லி ஆம்பியர்

உட்காருங்கள் சார். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் குட்டை. இந்த முக்காலியில் உட்காருங்கள். பியூஸ் எங்கேயும் ஓடிவிடாது. முப்பத்தொரு வருஷமாக வாசலுக்கு மேலேதான் இருக்கிறது. பிடுங்க வந்திருக்கிறீர்கள், தாராளமாகப் பிடுங்குங்கள். கரண்ட் ஆபீஸ்காரரின் கடமைக்குக் குறுக்கே நிற்க நான் யார்? நானும் இந்தக் குன்னூரில் முப்பத்துநாலு வருஷம் தேயிலை பாக்டரி எலக்ட்ரீஷியனாகக் குப்பை கொட்டியவன்தான். எத்தனை பியூஸ் பிடுங்கியிருப்பேன்!

ஆனால் பிடுங்குவதற்கு முன்னால் அந்த மொட்டைக் கடிதாசியை இன்னொரு தரம் வாசியுங்கள். அவசரமில்லாமல் வாசியுங்கள். "ஓட்டுப்பட்டறைப் பகுதியில் வசிக்கும் அரங்கநாதன் என்பவர் தமது வீட்டு இணைப்பில் அனுமதியின்றிக் கோழிக்குஞ்சு பொரிப்பகமும், மாவு புளிக்கவைக்கும் தொழிலும் இரவு பகலாக நடத்தி வருகிறார்."

கேட்டீர்களா? பொய் எழுதியிருக்கிறானே என்றுகூட எனக்கு வருத்தமில்லை சார். "இரைச்சல் தாங்கமுடியவில்லை" என்று ஒரு வரி, ஒரே ஒரு வரி, எழுதியிருக்கக் கூடாதா? அந்த மூலையில் கம்பளி போர்த்தி வைத்திருப்பது ஆம்பிளிபையர். பாட்டுப் பெட்டி. பதினோரு வருஷ உழைப்பு. என்மேல் பெட்டிஷன் போடுகிறவன்கூட அதை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறான் பாருங்கள், அதுதான் தாங்கவில்லை.

எழுதியது யார் என்று எனக்குத் தெரியும். கோயம்புத்தூர் ஜம்புலிங்கம். நீங்கள் வரும் வழியில் மாவு பாக்கெட் விற்கிற கடைக்காரர் ஒருவர் உங்களைக் கூப்பிட்டு வீடு காட்டினார் என்றீர்களே, அவர் பாவம், நல்ல மனுஷன். அவருக்கு இதில் என்ன வந்தது? இது ஜம்புலிங்கத்தின் வேலைதான். கோயம்புத்தூரில் அவர் ஒரு கூட்டம் வைத்திருக்கிறார், மாதாமாதம் முப்பது நாற்பது பேர் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு ஸ்பீக்கர் கேட்பார்கள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் நானும் ஆசையாகப் போனேன். அவர் ஆம்பிளிபையரில் பாட்டுக்கு நடுவே ஒட்டுப்போட்ட மாதிரி ஒரு தையல் கேட்கிறது என்று சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அத்தனை பேர் முன்னாலும் அந்த மனுஷன் சிரித்துக்கொண்டே, "அரங்கநாதன், உங்களது தேயிலைக் காதுங்க. அதுல டீயத்தான் வடிகட்ட முடியும், பாட்டக் கேக்க முடியாது" என்றார். நாற்பது பேரும் சிரித்தார்கள். வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தவன்கூட வடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

ஆக விஷயம் இவ்வளவுதான். பாட்டுப் பெட்டி என்று நிரூபித்தால் விட்டுவிடுவீர்கள், பொரிப்பகம் என்றால் இப்போதே பியூஸ் உங்கள் பையில். நியாயம். ஆனால் நிரூபித்தால் வெறுமனே விட்டுவிட்டுப் போனால் போதாது சார். "இது பாட்டுப் பெட்டி" என்று அந்தத் தாளிலேயே எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வைக்க வேண்டும். அதை நான் கோயம்புத்தூருக்கு நகல் அனுப்புவேன்.

அம்சா, சாருக்கு டீ கொண்டுவா. ஏன் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய்? இவள் என் சம்சாரம் அம்சவேணி. காலையிலிருந்து இவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "ஏனுங்க, இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் கரண்டு போயிரக் கூடாதுங்க" என்று பத்துத் தடவை சொல்லிவிட்டாள். நாற்பது வருஷம் பாட்டென்றால் காத தூரம் ஓடினவள். இப்போது அவ்வளவு ரசிகை.

சரி, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்த கரண்ட்தான், ஆனால் ரொம்பச் சின்னக் கரண்ட். மீட்டரைப் பார்த்துவிட்டு "ஒரு குண்டு பல்பு அளவுகூட இழுக்கலையே" என்றீர்களே, அது மனசைக் கொஞ்சம் தைத்தது. போகட்டும்.

ஆப்-ஆம்ப் என்று ஒரு ஐசி. எட்டுக் கால், கறுப்பாகப் பூச்சி மாதிரி இருக்கும். பாட்டைப் பெரிதாக்குகிற வேலை அதனுடையது. அதன் உள்ளே இரண்டு பேர். ஒருத்தன் மேலே தள்ளுவான், இன்னொருத்தன் கீழே இழுப்பான். எங்கள் பாக்டரியில் இலையைக் கசக்குகிற ரோலருக்குப் பகல் ஷிப்டு ஒருத்தன், ராத்திரி ஷிப்டு ஒருத்தன். சங்கு ஊதியதும் ஒருத்தன் கையை எடுப்பான், அடுத்தவன் கையை வைப்பான். நடுவில் ஓர் இமைப்பொழுது ரோலரில் யார் கையும் இருக்காது. அந்த இமைப்பொழுதில் அரைபட்ட இலையை நான் டீயில் கண்டுபிடித்துவிடுவேன். நம்பமாட்டீர்கள். ஒரு தடவை மேனேஜர் ஏழு கோப்பை வைத்தார். நாலாவதை ஒரு வாய் குடித்துவிட்டு, "செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் ஆறு மணி சங்கு" என்றேன். ரிஜிஸ்தரைப் புரட்டிப் பார்த்தவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் நான் டீ குடிக்கும்போது எந்த மேனேஜரும் எதிரில் உட்கார்ந்ததில்லை.

பாட்டிலும் அதே கதைதான். சத்தம் மேலே கீழே போகிற ஒவ்வொரு தடவையும் ஐசிக்குள் ஷிப்டு மாறும். நொடிக்கு ஆயிரம் சங்கு. ஒவ்வொரு சங்குக்கும் பாட்டில் ஒரு தையல். ஜம்புலிங்கம் பெட்டியில் நான் கேட்டது அதைத்தான்.

என் பெட்டியில் அந்தத் தையலே கிடையாது. இது ஏ கிளாஸ். அப்படியென்றால் என்ன? ராத்திரி ஷிப்டையே ஒழித்துவிடுவது. ஐசியின் வாயில் ஒரு டிரான்சிஸ்டரைக் கட்டி, நீ கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இரு என்று விட்டுவிட வேண்டும். அது இழுக்க இழுக்க, மேலே தள்ளுகிறவன் கையை எடுக்கவே முடியாது. பாட்டு இருந்தாலும் தள்ள வேண்டும், இல்லாவிட்டாலும் தள்ள வேண்டும். வீட்டுக்குப் போகக் கூடாது, வெற்றிலை போடக் கூடாது. தொழிலாளர் சட்டப்படி தப்பு. சத்தப்படி சரி. சும்மா இருக்கும்போதே முழு வேலை செய்வதால்தான் பெட்டி எப்போதும் சூடாக இருக்கிறது. அந்தச் சூட்டைப் பார்த்துத்தான் பொரிப்பகம் என்று எழுதிவிட்டான் படுபாவி.

ரெசிஸ்டர் கட்டினால் போதாதா என்று உங்கள் முகம் கேட்கிறது. போதாது. ரெசிஸ்டர் முகம் பார்த்து வேலை செய்கிற ஆள். பாட்டு ஏறினால் கூட இழுக்கும், இறங்கினால் தளர்ந்துவிடும். டிரான்சிஸ்டரில் ஒரு ஜாதி இருக்கிறது, அதன் மூன்று காலில் இரண்டை முறுக்கிச் சேர்த்துவிட்டால், யார் வந்தாலும் போனாலும் ஒரே இழுப்பு. ஆனால் எவ்வளவு இழுக்கும் என்பது அதன் பிறவிக் குணம். ஒரே கம்பெனி, ஒரே நம்பர், ஒரே பொட்டலம். ஒரு டிரான்சிஸ்டர் இரண்டு மில்லி ஆம்பியர் இழுக்கும், பக்கத்தில் படுத்திருந்தது எட்டு இழுக்கும். எனக்கு வேண்டியது ஐந்து. நாலரை என்றால் பாட்டு உரக்க வரும்போது ராத்திரி ஷிப்டுக்காரன் எழுந்து வந்துவிடுவான். ஆறு என்றால் ஐசி மூச்சு வாங்கும். ஐந்துதான். ஸ்பீக்கரை அசைக்க அறுபத்துநாலு ஐசி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஆம்ப், ஆகமொத்தம் நூற்றிருபத்தெட்டு டிரான்சிஸ்டர், நூற்றிருபத்தெட்டும் ஐந்து.

மூவாயிரத்து எழுநூறு டிரான்சிஸ்டர் வரவழைத்தேன். அளக்க உட்கார்ந்தேன். ஒரு வாரத்தில் இருநூறு ஐந்துகள் கிடைத்தன. ஆஹா என்று அடுத்த வாரம் சரிபார்த்தால், அதில் ஒன்றுகூட ஐந்து இல்லை.

குளிர் சார். இந்த ஊர்க் குளிர். பனி இறங்கினால் அது ஐந்தேகால் இழுக்கிறது, வெயில் எட்டிப்பார்த்தால் நாலே முக்காலுக்கு வந்துவிடுகிறது. விரலால் தொட்டாலே இறங்குகிறது. நான் பெருமூச்சு விட்டாலும் இறங்குகிறது. வெந்நீர் டம்ளர் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து பார்த்தேன், மங்கி குல்லாவுக்குள் போட்டுக்கொண்டு பார்த்தேன். குல்லாவில் காதுப் பக்கம் ஒரு சூடு, உச்சியில் ஒரு சூடு. எனக்குத்தான் வழுக்கை ஆயிற்றே!

அப்போதுதான் புத்தியில் பட்டது. குன்னூரில் வருஷம் பூராவும் மாறாத சூடு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. மனுஷன் அக்குள்.

சிரிக்காதீர்கள். டாக்டர் தெர்மாமீட்டரை எங்கே வைக்கிறார்? அம்சாவிடம் ரவிக்கைத் துணியில் ஒரு சுருக்குப் பை தைக்கச் சொன்னேன். பையில் நாற்பது டிரான்சிஸ்டர். அக்குளில் வைத்து அரை மணி அமுக்கிப் பிடிக்க வேண்டும். ஸ்வெட்டர் கைக்குள் இரண்டு ஒயர் ஓடும், ஒயர் முனையில் மீட்டர். பையை வெளியே எடுக்காமல் உள்ளேயே ஒவ்வொன்றாகத் தடவி எடுத்து அளக்க வேண்டும். பழகிவிட்டால் ஒன்றுமில்லை. எட்டு மாசம் இந்த இடது கையை நான் தூக்கவில்லை.

வெளியில் போனாலும் பை கூடவே வரும். இதோ, ஜன்னலுக்கு வெளியே குடையோடு நிற்கிறாரே, பெள்ளி, கீழ் வீட்டுக்காரர், அப்போது எங்கள் ரூட் பஸ் டிரைவர். என் ஸ்வெட்டரிலிருந்து ஒயர் தொங்குவதைப் பார்த்துவிட்டு நெஞ்சில் மிஷின் வைத்த ஆள் என்று நினைத்துக்கொண்டார். "பெரியவருக்கு எடம் விடுங்க, ஹார்ட்டு!" என்று டிரைவர் சீட்டிலிருந்தே கத்துவார். எழுந்து இடம் விடுவார்கள். நான் மறுக்கவில்லை. உட்கார்ந்து அளந்தால் கை ஆடாது.

ஒரே ஒரு சங்கடம், என் மச்சான் மகள் கல்யாணம். மேட்டுப்பாளையத்தில் மண்டபம். அக்குளில் நாற்பது டிரான்சிஸ்டரோடு போயிருந்தேன், அதுவும் சாதாரண நாற்பது இல்லை, அளந்து தேறிய நாற்பது, ஒரு தடவை கடைசியாகச் சரிபார்க்க வைத்திருந்தது. தாலி கட்டுகிற நேரம். கெட்டிமேளம். எல்லோரும் அட்சதை போடுகிறார்கள். நான் வலது கையால் போட்டேன். அம்சா பக்கத்திலிருந்து இடித்து, "ரெண்டு கையையும் தூக்கிப் போடுங்க, ஒத்தக் கையில போட்டா சனம் என்ன நெனைக்கும்?" என்றாள். மேளச் சத்தத்தில் மதி கெட்டுத் தூக்கிவிட்டேன்.

பை விழுந்தது. வாய் திறந்தது. நாற்பது டிரான்சிஸ்டரும் அட்சதையோடு மணவறையில் கலந்துவிட்டது.

நான் என்ன செய்ய முடியும்? மண்டிபோட்டுத் தேடினேன். மாப்பிள்ளையின் அம்மா, பெரிய மனுஷி, பட்டுப்புடவையை ஒதுக்கிக்கொண்டு, "தாலி கட்டற நேரத்துல மாப்பிள காலடியில என்னங்க தேடறீங்க?" என்றார். "ஐந்து மில்லி ஆம்பியர்" என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்! முப்பத்தொன்பது கிடைத்தது. ஒன்று காணோம். ஹோமத்தில் விழவில்லை, விழுந்திருந்தால் வாடையில் தெரிந்திருக்கும். மாப்பிள்ளை தலைப்பாகையில்தான் போயிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, மறுவீட்டு விருந்தின்போது சாப்பாட்டு நடுவில் நாசூக்காக, "தலைப்பாகையைக் கொஞ்சம் உதறிப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். மச்சான் அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவர். அம்சா மூன்று மாசம் என்னோடு பேசவில்லை. மாப்பிள்ளை மட்டும் தங்கமான பையன். காணாமல்போனதைத் தேடியெடுத்து ஒரு கவரில் போட்டு, மேலே "சித்தப்பாவுடையது" என்று எழுதி அனுப்பிவைத்தான்.

அவசரமாக அக்குளில் வைத்து அளந்தேன். நாலு புள்ளி ஒன்பது. தள்ளுபடி.

கடைசி ஆறு வாரம் எனக்கு விடாத காய்ச்சல். லேசான காய்ச்சல்தான். இந்தக் குளிரில் ராப்பகலாக உட்கார்ந்தால் வராமலா? ஆனால் அது ஒரு நன்மையாயிற்று. கடைசித் தேர்வு முழுக்க அந்தச் சூட்டிலேயே அளந்ததால், பெட்டியும் போட்டு முடித்த நாளிலிருந்து அதே சூட்டில் நின்றுவிட்டது. உள்ளே தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். தொண்ணூற்றொன்பதரை. வெளியே உறைபனி விழட்டும், சாரல் அடிக்கட்டும், தொண்ணூற்றொன்பதரை. இழுப்பும் ஐந்து. இம்மி அசையாது. இதைப் பெள்ளியிடம் சொன்னபோது அந்த மனுஷன் கண் கலங்கிவிட்டது. "தொண்ணூத்தொம்பதரையா? ஏறாதா? எறங்காதா? நெசமாவா?" என்று மூன்று தடவை கேட்டார். வீட்டில் பத்துப் பன்னிரண்டு கோழியோடு கிடக்கிற மனுஷனுக்குள் இப்படி ஒரு சத்த ஞானம் இருக்கும் என்று யார் கண்டார்கள்?

முதலில் ரசிக்கத் தொடங்கியவள் அம்சாதான். பெட்டியைப் போட்ட அன்றைக்கு வந்து தொட்டுப் பார்த்தாள். "பாட்டே காணோமே?" என்றாள். "பாட்டு அப்புறம். முதலில் நிசப்தம் சரியாக இருக்க வேண்டும். இது ஏ கிளாஸ் நிசப்தம்" என்றேன். "பாட்டு இல்லாமயே இத்தன சூடா?" என்றாள். கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் நின்றாள். மறுநாள் காலையில் பார்க்கிறேன், பெட்டிமேல் இட்லி மாவுப் பாத்திரம்.

எனக்குக் கோபம்தான் வந்தது. எடுக்கப் போனேன். எடுப்பதற்கு முன்னால் ஒரு தரம் கேட்டுப்பார்த்தேன். சார், கீழ்ச்சுரம் இறுகியிருந்தது! முன்னே கொஞ்சம் தொளதொள என்று இருந்த நிசப்தம், பாத்திரம் வைத்ததும் கட்டுக்கோப்பாகிவிட்டது. பெட்டியின் தகடு அதிராமல் பாத்திரத்தின் கனம் அமுக்குகிறது. இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஜம்புலிங்கத்துக்குத் தெரியாது. அவள் கையெழுத்துக்கூடச் சரியாகப் போடத் தெரியாதவள், பிறவி ஞானத்தில் கண்டுபிடித்துவிட்டாள். மறுநாள் மாவுப் பாத்திரம் பொங்கி வழிந்தது, அது வேறு விஷயம்.

அப்புறம் தெருவே வரத் தொடங்கியது. யாரும் வெறுங்கையோடு வருவதில்லை, நம் ஜனங்களுக்கு அது பழக்கமில்லை பாருங்கள். சாயங்காலம் ஒரு பாத்திரத்தோடு வருவார்கள், பெட்டிமேல் மரியாதையாக வைப்பார்கள், கொஞ்ச நேரம் நிசப்தத்தைக் கேட்பார்கள், போவார்கள். காலையில் வந்து மறுபடி ஒரு தரம் கேட்டுவிட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போவார்கள். "எப்படி இருக்கிறது?" என்று கேட்பேன். "நல்லா பொங்கியிருக்குதுங்க" என்பார்கள். சங்கீதத்தை இவ்வளவு அழகாகச் சொன்னவர்களை நான் கோயம்புத்தூரில் பார்த்ததில்லை. ஒரு அம்மாள் தயிர் கொண்டுவந்தாள். தயிருக்கு மேல்ஸ்தாயி கொஞ்சம் மங்குகிறது. நான் சொல்லவில்லை, மனசு கஷ்டப்படும்.

முட்டை அட்டை சங்கதிதான் இதில் உச்சம். அறையில் எதிரொலி ஜாஸ்தியாக இருக்கிறது, சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் அடங்கும் என்று ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னேன். பெள்ளி மறுநாளே முட்டை அட்டை கொண்டுவந்தார். முட்டையோடு! சுவரில் வேண்டாம், பெட்டிக்குள்ளேயே வைத்தால்தான் எதிரொலி பிறக்கிற இடத்திலேயே சாகும் என்றார். நியாயமாகப் பட்டது. மேலே வைக்கோல் பரப்பி, ஓரத்தில் ஒரு கிண்ணம் தண்ணீரும் வைத்தார். "காத்து காஞ்சுபோயிட்டா சத்தமும் காஞ்சுபோயிருமுங்களே" என்றார். இருபத்தொரு நாள் விடாமல் வைக்க வேண்டுமாம், ஒரு விரதம் மாதிரி. தினம் மூன்று வேளை வந்து ஒவ்வொரு முட்டையாகத் திருப்பி வைக்கிறார் சார்! ஏன் என்றேன். "எதிரொலி ஒரே பக்கமா பட்டுறக் கூடாதுங்களே" என்றார். பதினோரு வருஷம் யோசித்த எனக்கே தோன்றவில்லை.

இன்றைக்கு இருபத்தொன்றாவது நாள். அதுதான் விடியற்காலையிலிருந்து மழையில் நின்றுகொண்டிருக்கிறார். கையில் ஏதோ கூடை வேறு. பெள்ளி, உள்ளே வாருங்கள்! சார் ஒன்றும் செய்யமாட்டார்!

என்ன சார், ஏன் அந்த மூலையையே பார்க்கிறீர்கள்? பாட்டுப் போடச் சொல்கிறீர்களா? போடுகிறேன். உண்மையைச் சொன்னால் இதுவரைக்கும் இதில் நான் பாட்டுப் போட்டதில்லை. நிசப்தமே இன்னும் முழுசாகக் கேட்டு முடியவில்லை. ஆனால் அரசாங்கம் கேட்கிறது. அம்சா, அந்தப் பாத்திரங்கள் அப்படியே இருக்கட்டும், நீ பதறாதே, ஒயரை மட்டும்தான் செருகுகிறேன்.

வீணை. யார் வாசித்தது என்று கேட்காதீர்கள், கேசட் அட்டை கிழிந்துபோயிற்று. கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

...

கேட்டீர்களா? தையல் இருந்ததா? ஒரு சங்காவது ஊதியதா? கம்பியை விட்ட பிறகும் அந்த நாதம் எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள், போகிறது, போகிறது, மலை தாண்டிப் போகிறது, இதோ இப்போது நிசப்தம்...

அது என்ன?

உஷ்ஷ். இருங்கள். கீச்சென்று ஒன்று. மறுபடி. மேல்ஸ்தாயியில். சார், இது வீணையில் இல்லை. வீணை நின்றுவிட்டதே. பெட்டிக்குள்ளிருந்து வருகிறது. ஐயோ.

உங்களுக்கும் கேட்கிறதல்லவா? மறைக்க வேண்டாம், உங்கள் முகத்தில் தெரிகிறது. டிரான்சிஸ்டர் கூடாத சூட்டுக்கு வந்துவிட்டால், ஐசி யாரும் கேட்காமல் தானாகவே பாட ஆரம்பித்துவிடும். அதுதான் இது. நூற்றிருபத்தெட்டில் ஒன்று கெட்டுவிட்டது. ஒன்றா? இப்போது இரண்டு பக்கத்திலிருந்து கேட்கிறது. இதோ மூன்றாவது. எட்டு மாசம் கையைத் தூக்காமல் அளந்தேனே! என் அக்குளே என்னை ஏமாற்றிவிட்டதே!

நகருங்கள் சார், நானே பியூஸைப் பிடுங்குகிறேன். உங்கள் கடமையை நானே செய்துவிடுகிறேன். தானாகப் பாடுகிற பெட்டியை வைத்துக்கொண்டு பாட்டுப் பெட்டி என்று கையெழுத்துக் கேட்டேனே, எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள், இது பாட்டுப் பெட்டி இல்லை. அரங்கநாதன் காது தேயிலைக் காது. கோயம்புத்தூருக்கும் ஒரு நகல் அனுப்பிவிடுங்கள். அம்சா, வழியை விடு. ஏன் இப்படி அலறுகிறாய்? ஸ்டூலை ஏன் பிடித்து இழுக்கிறாய்? விழுந்துவிடுவேன்.

சார், நீங்களுமா? என் கையை விடுங்கள். பிடுங்க வந்தவர் நீங்கள், பிடுங்கவிடாமல் தடுப்பவரும் நீங்களா? என்ன? கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்.

"இருக்கட்டும், இன்னும் ரெண்டு நாள் ஓடட்டும்" என்றா சொல்கிறீர்கள்?

ஒன்றும் கெடவில்லையா? இப்படித்தான் கேட்க வேண்டுமா? பெள்ளி, உள்ளே வந்ததும் வராததுமாக நீங்கள் ஏன் கம்பளியைத் தூக்கிவிட்டுப் பெட்டிக்குள் கையை விடுகிறீர்கள்? ஏன் இவர் அழுகிறார்? சிரிக்கிறாரா? சார், நீங்களும் கூடவே குனிந்து பார்க்கிறீர்களே, உள்ளே எது பாடுகிறது என்று தெரிகிறதா? எனக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியாது. தொட்டுப் பார்த்துச் சூட்டைச் சொல்லுங்கள், எது பாடுகிறதோ அது மற்றவற்றைவிடக் கொதிக்கும். கொதிக்கவில்லையா? மெத்தென்று இருக்கிறதா? நனைந்திருக்கிறதா? டிரான்சிஸ்டர் எப்படி நனையும்?

அட, அட. இங்கே பாருங்கள் சார். கண்ணாடி இல்லாமலே இது தெரிகிறது. ஒரு கோழிக்குஞ்சு! பெட்டி விளிம்பில் தள்ளாடிக்கொண்டு நிற்கிறது. கதவு சாத்தியிருக்கிறது, ஜன்னல் சாத்தியிருக்கிறது, இது எப்படி உள்ளே வந்தது? இந்த மழையில் எத்தனை தூரம் நடந்து வந்ததோ! இன்னும் ஈரம் காயவில்லை பாருங்கள். சுத்தமான சத்தத்துக்குப் பசு வரும், பாம்பு வரும் என்பார்கள். ஏ கிளாஸுக்குக் கோழிக்குஞ்சு வந்திருக்கிறது. இதோ இன்னொன்று! ஜம்புலிங்கம் வீட்டில் பதினோரு வருஷத்தில் ஒரு ஈ உட்கார்ந்திருக்குமா?

அப்படியானால் அந்தக் கீச்சும் இவை போட்டதுதானா? வீணைக்குத் தலையாட்டினவா? அப்பாடா. நூற்றிருபத்தெட்டும் ஐந்து. நான் அப்போதே நினைத்தேன், என் அக்குள் தப்பாகாது.

எழுதிவிட்டீர்களா? இங்கே கொடுங்கள். வேண்டாம், கண்ணாடி இல்லை, நீங்களே வாசியுங்கள். "நேரில் ஆய்வு செய்யப்பட்டது. புகாரில் கண்டபடி எதுவும் இல்லை. மேற்படி சாதனம் பாட்டுப் பெட்டியே. வீட்டு உபயோகம்." கீழே கையெழுத்து. சீல். இன்னொரு தரம் வாசியுங்கள் சார், "பாட்டுப் பெட்டியே" என்கிற இடத்தை மட்டும். அம்சா, கேட்டாயா? "யே" போட்டிருக்கிறார்! வெறும் பாட்டுப் பெட்டி இல்லை, பாட்டுப் பெட்டியே. மச்சானுக்கும் ஒரு நகல் அனுப்ப வேண்டும்.

அதற்குள் கிளம்புகிறீர்களா? என்ன தயங்குகிறீர்கள்? சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். ஓ, கோவில்பட்டியிலிருந்து மாற்றலாகி வந்து மூன்று மாசம்தான் ஆகிறதா? வீட்டில் அம்மாவுக்கு இந்த ஊர்க் குளிரே ஒத்துக்கொள்ளவில்லையா? மாவு பொங்கவே மாட்டேன் என்கிறதா, நாலு நாளானாலும் கல் மாதிரி கிடக்கிறதா?

தெரியும் சார். எனக்கு எல்லாம் தெரியும். மாவை ஒரு சாக்காகச் சொல்கிறீர்கள், உங்களுக்குக் கேட்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. வீணை நின்றபோதே உங்கள் முகத்தைக் கவனித்தேன். நாளைக்கே அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். தினமும் வாருங்கள். பாத்திரம் கொண்டுவந்தாலும் கொண்டுவாருங்கள், நான் தடுக்க மாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள் அம்மாவிடம். தட்டை அடிப் பாத்திரமாகப் பார்த்து எடுத்துவரச் சொல்லுங்கள். குழிந்த அடி வேண்டாம், அது பாடுகிறவர் குரலைக் கெடுத்துவிடுகிறது.